பல திரை விளையாட்டும் வரைகலை அட்டைத் தேர்வும்



முன்னாளில் வானொலிப் பெட்டி வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் முதன்முதற் கேட்கும் வினா, “இஃது எத்தனை வால்வுப் பெட்டி?” என்பதாகும். வால்வுகளின் தொகை கூடினால் பெட்டியின் தகுதியும் கூடும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. ஆறு வால்வுப் பெட்டியை வாங்கி வந்து, நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்து லயத்தில் ஏரியல் கம்பி கட்டாமல் வைத்தவருக்கு இரைச்சலே மிஞ்சியது. நாலு வால்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு, உயர்ந்த மரக்கொம்பில் முறையாக ஏரியல் கட்டியவரோ கொழும்பையும் திருச்சியையும் தெளிவாகக் கேட்டு மகிழ்ந்தார். ஒரு பொருளின் பெயரும் எண்ணும் மட்டும் பயன் தருவன அல்ல. அதனை எங்கே, எதற்காக, எதனோடு இணைத்து வைக்கின்றோம் என்பதே பயனைத் தீர்மானிக்கின்றது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே. கணினியில் விளையாடும் இளைஞர் சிலர், ஒரு திரை போதாதென்று மூன்று திரைகளை அருகருகே நிறுத்தி, அம்மூன்றிலும் ஒரே காட்சி விரியும்படி விளையாட விரும்புகின்றனர். விமானம் ஓட்டும் விளையாட்டாயின், நடுத்திரையில் ஓடுபாதை தோன்றும். இடத்திரையிலும் வலத்திரையிலும் இறக்கைகளும் முகிற்கூட்டமும் தோன்றும். இக்காட்சியைக் கணந்தோறும் வரைந்து கொடுக்கும் உறுப்பே வரைகலை அட்டை. கடைகளில் இதனைக் கிராஃபிக்ஸ் கார்ட் என்பர். பல திரைகளில் விளையாடுவதற்கு எவ்வகை அட்டையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கந்தப்பளை போன்ற தோட்டப்புறத்திலே பாடசாலை நடத்தும் அதிபர் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் வியக்கலாம். கணினி இன்று எம் மாணவர் கற்கும் பாடங்களுள் ஒன்று. பாடத்தோடு விளையாட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. “சேர், பையன் ஒன்றரை இலட்சத்துக்கு ஒரு சாமான் கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?” என்று பெற்றோர் வந்து கேட்கின்றனர். 2024 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அக்கணக்கின்படி ஒன்றரை இலட்சம் ரூபா என்பது 111 நாட்சம்பளத்துக்குச் சமம். மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் 111 நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த பணத்தை ஒரு சிறு பலகையில் இடுவதாயின், அப்பலகை சொன்ன வேலையைச் செய்யுமா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் கடமையன்றோ?

முதலில், இவ்வட்டை செய்யும் தொழில் யாதென நோக்குவோம். கணினிக்குள் மத்திய செயலி என ஒன்று உண்டு. அது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போன்றது. பேர் பதிதல், நிறை குறித்தல், துரைக்கு அறிக்கை எழுதுதல் எனப் பலவகைப்பட்ட வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, விரைவாகவும் அறிவோடும் செய்வது அதன் இயல்பு. கொழுந்து பறிக்கும் வேலையோ வேறு. அங்கே நூறு பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து, ஒரே நேரத்தில், ஒரே வகையான வேலையைச் செய்கின்றனர். கணக்கப்பிள்ளை எத்துணைத் திறமைசாலியாயினும், தனியொருவராக ஒரு மலையை முடித்தல் இயலாது. வரைகலை அட்டை நிரை பிடித்த அந்தப் பெருங்கூட்டத்தைப் போன்றது. 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த, நடுத்தர விலைக்கும் குறைந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 என்னும் அட்டையிலேயே 3840 சிறு கணிப்பு உறுப்புகள் உள்ளன. அவை அனைத்தும் ஒருங்கே இயங்கித் திரையை நிரப்புகின்றன.

அவை நிரப்புவது எதனை? திரை என்பது எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. அவற்றைப் படப்புள்ளி அல்லது பிக்சல் என்பர். இன்று வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் முழு எச்.டி. திரையில், குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 வரிசைகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 2,073,600. இத்தகைய திரைகள் மூன்றாயின் 6,220,800 புள்ளிகள். அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமாயின், வினாடிக்கு 60 முறையேனும் இப்படம் புதிதாக வரையப்படுதல் நன்று. ஆகவே மூன்று திரைகளுக்கு ஒரு வினாடியில் வரையப்பட வேண்டிய புள்ளிகள் 37 கோடியே 32 இலட்சத்து 48 ஆயிரம். வினாடிக்கு 144 முறை மாறும் திரைகளை வாங்கி, அவ்வேகம் முழுவதையும் பெற விரும்பினாலோ இத்தொகை 89 கோடியைத் தாண்டிவிடும்.

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே எடுத்துக் காட்டினார். ஒரு படப்புள்ளி மயிலிறகினும் இலேசானது. கோடிக்கணக்கிற் சேரும்போதுதான் அச்சின் வலிமை தெரியவரும். ஒரு திரையில் வினாடிக்கு 120 படங்களை எளிதாக வரைந்த அட்டை, மூன்று திரைகளுக்கு விரித்தவுடன் 40 முதல் 60 வரையான படங்களுக்கு இறங்கிவிடுதல் இயல்பு. ஏற்கெனவே ஒரு திரையில் 50 படங்களோடு திணறும் அட்டையாயின், மூன்று திரைகளில் அது விளையாட்டாக இராது. நிழற்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது போலவே இருக்கும்.

இக்கணக்கினால் ஒரு நல்ல பயனும் உண்டு. அட்டைகளைச் சோதித்து எழுதுவோர் பெரும்பாலும் ஒரே திரையை வைத்தே சோதிப்பர். மூன்று திரைக் கணக்கு அவர்களுடைய எழுத்திற் கிடைப்பது அரிது. ஆயினும் 4கே என வழங்கும் பெரிய திரைக்குரிய முடிவுகளை அவர்கள் தவறாது தருவர். 4கே திரையின் புள்ளிகள் 8,294,400. மூன்று முழு எச்.டி. திரைகள் இதன் முக்காற் பங்கே. ஆகவே, உங்களுக்கு வேண்டிய விளையாட்டை 4கே திரையில் வினாடிக்கு 60 முறை வரையவல்ல அட்டை, மூன்று முழு எச்.டி. திரைகளுக்கும் பெரும்பாலும் போதியதாகும். 2560 புள்ளி அகலமும் 1440 வரிசையும் கொண்ட திரைகள் மூன்றை வாங்கினாலோ, கூட்டுத்தொகை 11,059,200. இது 4கே திரையினும் மூன்றிலொரு பங்கு அதிகம். திரைகளை மாற்றினால் அட்டையின் தரமும், அதனோடு விலையும், ஒரு படி ஏறிவிடும். ஆதலின் அட்டையைத் தெரிவு செய்தற்கு முன்னர்த் திரைகளைத் தெரிவு செய்தலே முறையாகும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். “பல திரைகளில் விளையாடுதல்” என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, ஒரே விளையாட்டு மூன்று திரைகளிலும் விரிந்து தோன்றுதல். மற்றையது, விளையாட்டு நடுத்திரையில் மட்டும் நடக்க, அருகிலுள்ள திரைகளில் நண்பரோடு உரையாடல், வரைபடம், பாடக்குறிப்பு, கிரிக்கெட் ஒளிபரப்பு முதலியன இருத்தல். இரண்டாவது வகைக்கு அட்டையின் சுமை ஏறத்தாழ ஒரு திரையின் சுமையே. ஒரு திரைக்குப் போதிய அட்டை அதற்கும் போதும். இணைப்புத் துவாரங்கள் இருந்தாற் சரி. இளைஞர் பலருக்கு உண்மையில் வேண்டியது இவ்விரண்டாம் வகையே. அதனை முதலாம் வகையென மயங்கி, இருமடங்கு விலையுள்ள அட்டையை நாடுகின்றனர். “உனக்கு வேண்டியது எது?” என்ற ஒரு வினா, பெற்றோரின் பணத்திற் பாதியைக் காப்பாற்றவுங்கூடும்.

ஒரே காட்சியைப் பல திரைகளில் விரிக்கும் வசதி சாதாரண வீட்டுக் கணினிக்குப் பரவலாக வந்தமைக்குச் சிறிது வரலாறு உண்டு. 2009 ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம், ரேடியன் எச்.டி. 5870 என்னும் அட்டையோடு ‘ஐஃபினிட்டி’ என்னும் முறையை அறிமுகஞ் செய்தது. மூன்று திரைகளை ஒரே பெருந்திரையாகக் கணினி கருதும்படி செய்வது அம்முறை. அடுத்த ஆண்டில், அதாவது 2010 இல், என்விடியா நிறுவனம் ‘சரவுண்ட்’ என்னும் பெயரில் அதுபோன்ற முறையைக் கொணர்ந்தது. அக்காலத்தில் மூன்று திரைகளின் சுமையைத் தாங்க இரண்டு அட்டைகளை ஒரே கணினியிற் பூட்டுதல் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் இன்று ஒழிந்துவிட்டது. 2022 இல் வெளிவந்த என்விடியா 40 வரிசை அட்டைகளில் இரண்டைப் பிணைக்கும் வசதியே நீக்கப்பட்டது. ஆதலின், “ஒன்று போதாவிட்டாற் பிறகு இன்னொன்று சேர்க்கலாம்” என்று எவரேனும் கூறின், அது பழைய காலத்து அறிவுரை என்று கொள்க. தொடக்கத்திலேயே போதிய வலுவுள்ள ஒன்றை வாங்குதலே அறிவுடைமை.

இனி, இணைப்புத் துவாரங்களைப் பற்றிக் கூறுவேன். மக்கள் மிகுதியாக ஏமாறுவது இங்கேதான். அட்டையின் பின்புறத்தில் நான்கு துவாரங்கள் இருந்தால், அது நான்கு திரைகளில் விளையாடுவதற்கு ஏற்ற அட்டை என்று எண்ணிவிடுகின்றனர். 2020 ஆம் ஆண்டில் ஆசுஸ் நிறுவனம், கிஃபோர்ஸ் ஜீ.டி. 710 என்னும் மிகச் சிறிய சில்லை வைத்து, நான்கு எச்.டி.எம்.ஐ. துவாரங்களுள்ள அட்டையொன்றை வெளியிட்டது. அலுவலகத்தில் நான்கு திரைகளில் கணக்கேடுகளை விரித்துவைப்போருக்கு அது பயனுள்ள பொருள். ஆயினும் இக்கால விளையாட்டை ஒரு திரையிற்கூட ஒழுங்காக ஓட்ட அதனால் இயலாது. துவாரங்களின் தொகை வாசல்களின் தொகையே. வீட்டுக்குள் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பதை வாசல்களை எண்ணி அறிய முடியுமா?

எமது பகுதியில் நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். தாயார் வெளிநாட்டில் வீட்டுப்பணி செய்து அனுப்பிய பணத்தைக் கொண்டு, ஓர் இளைஞர் நகரத்துக் கடையொன்றில் வரைகலை அட்டை வாங்கினார். “மூன்று திரை பூட்டலாமா?” என்று அவர் கேட்டார். “தாராளமாகப் பூட்டலாம்” என்று கடையில் விடை வந்தது. அவ்விடை பொய்யன்று, மூன்று திரையும் ஒளிர்ந்தன. ஆனால் விமான விளையாட்டைத் தொடங்கியபோது, விமானம் ஓடுபாதையில் நின்று நின்று நகர்ந்தது. இன்று அவ்வட்டையில் அவருடைய தங்கை இரு திரைகளை வைத்துக் கணக்கியற் பாடம் படிக்கின்றார். அட்டையிற் குறையில்லை, கேட்கப்பட்ட வினாவிலேதான் குறை இருந்தது. “மூன்று திரை பூட்டலாமா?” என்பதற்குப் பதிலாக, “இன்ன விளையாட்டை, மூன்று முழு எச்.டி. திரைகளில், வினாடிக்கு 60 படம் குறையாமல் இவ்வட்டை ஓட்டுமா?” என்று கேட்டிருத்தல் வேண்டும்.

துவாரங்களின் தொகையோடு அவற்றின் வகையையும் பார்த்தல் அவசியம். இக்கால அட்டைகள் பலவற்றில் மூன்று டிஸ்பிளே போர்ட் துவாரங்களும் ஓர் எச்.டி.எம்.ஐ. துவாரமும் இருக்கும். எம் மலைநாட்டார் சிலருக்கு நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை முன்னாளில் ஓடிய ஒடுங்கிய இருப்புப்பாதை பற்றிய கதைகள் தெரிந்திருக்கும். அகன்ற பாதையில் வந்த சாமான்கள் நானுஓயாவில் இறக்கப்பட்டு, சிறிய பெட்டிகளுக்கு மாற்றப்பட்டன. பாதையின் அகலத்துக்கு மேற்பட்ட சுமை அதிற் செல்லாது. கம்பிகளும் அத்தகையனவே. 18 கிகாபிட் கொள்ளளவுள்ள எச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 4கே படம் வினாடிக்கு 60 முறை செல்லும். அதற்கு முந்திய 1.4 வழியாக அதே படம் 30 முறையே செல்லும். டிஸ்பிளே போர்ட் 1.4 இன் அளவு 32.4 கிகாபிட், எச்.டி.எம்.ஐ. 2.1 இன் அளவு 48 கிகாபிட். முழு எச்.டி. திரைகளுக்கு இவற்றுள் எதுவும் போதும். உயர்ந்த திரைகளையும் உயர்ந்த வேகத்தையும் நாடுவோர், அட்டை, கம்பி, திரை ஆகிய மூன்றும் ஒரே தரத்தன என்பதை உறுதி செய்துகொள்க. மூன்றனுள் எது குறைந்ததோ, அதன் அளவே முழுமைக்கும் அளவாகும்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய திரைகள் எம்மூர்களில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றில் நீல நிற வி.ஜி.ஏ. துவாரம் மட்டுமே உண்டு. இக்கால அட்டைகள் அவ்வகைச் சைகையைத் தருவதில்லை. இடையே மின்னணு மாற்றி ஒன்று தேவைப்படும், வெறுங்கம்பி உதவாது. மேலும், ஒரே காட்சியை விரிக்க வேண்டுமாயின், மூன்று திரைகளும் ஒரே அளவும், ஒரே புள்ளித்தொகையும், ஒரே வேகமும் உடையனவாக இருத்தல் நன்று. கூடுமானவரை ஒரே மாதிரியான மூன்றை வாங்குக. மூன்றையும் வரைகலை அட்டையிலேயே பூட்டுக. தாய்ப்பலகையிலுள்ள துவாரத்தில் ஒன்றைப் பூட்டிவிட்டு, காட்சி விரியவில்லையே என வருந்துவோர் பலர்.

அடுத்தது நினைவகம். அட்டைக்குள் அதற்கெனத் தனி நினைவகம் உண்டு. கிகாபைட்டு என்னும் அளவால் அதனைக் குறிப்பர். மூன்று திரைகளின் ஒரு முழுப்படத்தைச் சேமிக்க ஏறத்தாழ 25 மெகாபைட்டு போதும். அங்ஙனமாயின் 8 கிகாபைட்டு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நினைவகத்தை நிரப்புவது முடிந்த படமன்று. அதனை ஆக்கப் பயன்படும் மூலப்பொருள்களே. சுவரின் மேற்பரப்பு, மரப்பட்டை, வானம், நிழல் ஆகியவற்றுக்கான வடிவங்களும், வரையும்போது இடையிடையே எழுதப்படும் அரைகுறைப் படங்களும் அங்கேதான் தங்குகின்றன. காட்சி அகன்றால் இவையும் பெருகும். நினைவகம் நிரம்பி வழிந்தால் வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. திடீரெனத் தடுக்கி விழும். ஆகவே மூன்று திரைகளிற் புதிய விளையாட்டுகளை ஓட்டக் கருதுவோருக்கு 8 கிகாபைட்டு நெருக்கடியாகும். 12 அல்லது 16 கிகாபைட்டு நிம்மதி தரும். 2025 இல் வெளிவந்த என்விடியா 5060 டி.ஐ., ஏ.எம்.டி. 9060 எக்ஸ்.டி. ஆகிய இரண்டும் 8 கிகாபைட்டு வடிவிலும் 16 கிகாபைட்டு வடிவிலும் விற்பனைக்கு வந்தன. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பெட்டியின் மேலுள்ள எண்ணை வாசிக்காமற் பணம் கொடுத்தலாகாது.

மின்சாரத்தைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். மேற்கூறிய 5060 அட்டைக்கு 145 வாற்று வேண்டும். அதற்கு மேற்படியான 5070 க்கு 250 வாற்று. உச்சியிலுள்ள 5090 க்கோ 575 வாற்று. அஃது ஒரு சிறிய மின்னடுப்பின் அளவு. 5070 அட்டையுள்ள கணினி, மூன்று திரைகளோடு சேர்ந்து விளையாட்டின்போது ஏறத்தாழ 475 வாற்று இழுக்கும் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால், மாதம் ஏறத்தாழ 43 அலகு செலவாகும். எம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். ஆகவே இந்த 43 அலகு, வீட்டின் ஏனைய அலகுகளையும் உயர்ந்த படிக்கு இழுத்துச் செல்லக்கூடும். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையும் அட்டைக்கு ஈடுகொடுக்க வேண்டும். 5060 க்கு 550 வாற்றும், 5070 க்கு 650 வாற்றும் உள்ள பவர் சப்ளையைத் தயாரிப்பாளரே விதந்துரைக்கின்றனர். மின்தடைக்கென வாங்கும் 650 வி.ஏ. அளவான சிறு யூ.பி.எஸ். பெட்டிகள் பெரும்பாலும் 400 வாற்றையும் தாங்கா. பெட்டியில் எழுதிய எண்ணைப் பார்த்து மயங்குதல் கூடாது.

கந்தப்பளை 6000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இங்குள்ள குளிர் அட்டைக்கு நன்மையே. காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு ஐதானதாயினும், அறையின் குளிர்ச்சி அதனை ஈடுசெய்துவிடுகின்றது. கவலைக்குரியன வேறு மூன்று. முதலாவது, ஈரம். பனிமூட்டம் நேரே அறைக்குள் நுழையும் வீடுகளிற் கணினியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தல் ஆகாது. பயணத்திற் குளிர்ந்துபோன அட்டையைச் சூடான அறைக்குக் கொணர்ந்தவுடன் இயக்காது, சில மணித்தியாலம் விட்டு வைத்தல் வேண்டும். இரண்டாவது, விறகடுப்பின் புகை. லயத்து அறைகளிற் சமையலும் படிப்பும் அருகருகே நடக்கின்றன. கரித்தூள் எண்ணெய்ப் பசையோடு விசிறியிற் படிந்து காற்றைத் தடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் துடைத்தல் நன்று. மூன்றாவது, இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரங்களில் இடிமுழக்கம் கேட்டவுடன் கணினியை நிறுத்தி, செருகியைச் சுவரிலிருந்து கழற்றுதலே உறுதியான காப்பு. வீட்டுக்கு முறையான நிலத்தொடுப்புக் கம்பி உண்டா என்று மின்னியலாளரைக் கொண்டு பார்த்த பின்னரே விலையுயர்ந்த அட்டையைப் பூட்டுக.

எல்லா விளையாட்டுகளும் மூன்று திரைகளுக்கு உரியன அல்ல என்பதையும் மறத்தலாகாது. விமானம், மோட்டார்ப் பந்தயம், பாரவண்டி ஓட்டுதல் ஆகியவற்றுக்குப் பக்கத்திரைகள் உண்மையான பயன் தருகின்றன. 2014 இல் வெளிவந்த அசெட்டோ கோர்சா என்னும் பந்தய விளையாட்டில், பக்கத்திரைகள் எக்கோணத்தில் திரும்பியுள்ளன என்பதைக் குறிப்பிட்டு, அதற்கேற்பக் காட்சியைத் திருத்தும் வசதியும் உண்டு. வேறு பல விளையாட்டுகளோ பக்கத்துக் காட்சியை இழுத்து நீட்டிவிடுகின்றன. அங்கே மனிதர் குறுகிப் பருத்துத் தோன்றுவர். நீங்கள் விரும்பும் விளையாட்டு எவ்வினத்தைச் சேர்ந்தது என்று நண்பர் வீட்டிற் பார்த்தேனும் அறிந்துகொள்க. காட்சி அகலும்போது அதில் தோன்றும் பொருள்களும் பெருகுதலால், மத்திய செயலிக்கும் வேலை கூடும். பழைய செயலியோடு உயர்ந்த அட்டையைப் பூட்டினால், நூறு பேர் நிரையிற் காத்திருக்கக் கணக்கப்பிள்ளை வந்து சேராத கதையாகும்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. மூன்று திரைகளுக்குப் பதிலாக, 3440 புள்ளி அகலமும் 1440 வரிசையும் உள்ள ஓர் அகன்ற திரையை வாங்கினால், புள்ளிகள் 4,953,600. மூன்று முழு எச்.டி. திரைகளின் சுமையில் இஃது ஐந்தில் நான்கு பங்கே, இடையிற் சட்டங்களும் இல்லை, கம்பியும் ஒன்றே. மற்றொரு வழி, குறைந்த புள்ளிகளில் வரைந்து, பின்னர் அறிவார்ந்த முறையிற் பெருக்கிக் காட்டுதல். என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். முறை 2019 அளவில் விளையாட்டுகளுக்கு வந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஆர். 2021 இலும், இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்.இ.எஸ்.எஸ். 2022 இலும் வந்தன. இவற்றை ஏற்கும் விளையாட்டாயின், ஒரு படி குறைந்த அட்டையைக் கொண்டே நிறைவு காணலாம்.

பழைய அட்டைகளை வாங்குவோருக்கும் ஒரு சொல். எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தை ஆக்குவதற்காக இரவுபகலாக ஓடிய எண்ணிறந்த அட்டைகள், 2022 செப்ரெம்பரில் அந்நாணயத்தின் முறை மாறியதும் வேலையிழந்து உலகெங்கும் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. விசிறி தேய்ந்தனவும் உண்டு. எனவே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிச் சந்தைக்குச் சென்றாலும், உள்ளூரில் ஒருவரிடம் வாங்கினாலும், அரை மணித்தியாலமாவது கடினமான விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். துவாரங்கள் ஒவ்வொன்றிலும் திரையைப் பூட்டிப் பாருங்கள். புதியதாயின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதனை நிறைவேற்றுபவர் யார் என்பதை எழுத்திற் பெறுங்கள். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு ஒருமுறை சென்றுவர ஒரு நாட்சம்பளமும் பயணச்செலவும் ஆகும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றைச் சுருங்கக் கூறின்: முதலில், ஒரே காட்சி மூன்று திரைகளிலும் வேண்டுமா, நடுத்திரையில் மட்டும் போதுமா என்று துணிக. இரண்டாவதாக, திரைகளைத் தெரிந்து புள்ளிகளைக் கணக்கிடுக. மூன்றாவதாக, அப்புள்ளிகளுக்கு அண்மையான ஒரு திரைச் சோதனை முடிவைக் கொண்டு அட்டையின் வலுவை மதிப்பிடுக. நான்காவதாக, துவாரம், கம்பி, நினைவகம், பவர் சப்ளை ஆகியவை பொருந்துகின்றனவா என்று பார்க்க. விலையைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருதல் வேண்டும்.

பிள்ளையின் ஆசையை வீண் என்று ஒதுக்கிவிடுதலும் முறையன்று. கேட்டவுடன் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தலும் முறையன்று. இதே அட்டை, கட்டட வரைபடம் வரைவதற்கும், ஒளிப்படங்களைத் தொகுப்பதற்கும், கணினிக்கு அறிவூட்டும் புதிய கலையைப் பயில்வதற்கும் உதவும். ஆகவே என்னிடம் வினவும் பெற்றோருக்கு நான் கூறுவது இதுவே: பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். வேண்டிய திரைகள், அவற்றின் புள்ளிகள், விளையாட்டின் பெயர், அட்டையின் நினைவகம், வாற்று, மாத மின்செலவு, விலை ஆகிய அனைத்தையும் அதில் எழுதி வரச் சொல்லுங்கள். கணக்கைப் பிழையற எழுதி வரும் பிள்ளைக்கு எந்த அட்டை போதும் என்பது தானே விளங்கிவிடும். பல வேளைகளில், தான் முதலிற் கேட்டதைவிட விலை குறைந்ததையே அப்பிள்ளை கேட்கும்.